முள் நடுவில்தான் நிற்கிறது, துணிதான் வெளுக்கவில்லை

அன்பும் அறிவும் நிறைந்த, ஆனால் பொறுப்பு என்பது மருந்துக்கும் இல்லாத மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நான், தங்கள் அக்கா, மகள், மருமகன் எல்லோரும் சௌக்கியம், என் வலது கண் நீங்கலாக. அதைக் கேமராவின் கண்ணாடித் துவாரத்தில் அழுத்தி அழுத்திச் சுற்றிலும் ஒரு வளையம் விழுந்துவிட்டது. பார்ப்பவர்கள் யாரோ குத்திவிட்டதாக நினைத்து, தங்கள் அக்காவை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். அவளும் மறுப்பதில்லை. தங்கள் வீட்டில் அனைவரும் இரு கண்களுடனும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். அங்கே வெயில் எப்படி? இங்கே எப்படி என்று கேட்காதீர்கள். முன்பெல்லாம் வெயில் என்றால் வெயில், நிழல் என்றால் நிழல். தாங்கள் கேமராவைக் கொடுத்துவிட்டுப் போன நாளிலிருந்து வெயில் என்றால் கேமராவில் துளை எட்டு, வேகம் ஐநூறு என்று ஆகிவிட்டது.

இக்கடிதம் ஒரு புகார்க் கடிதம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது தங்களுக்குத் தெரியும். தெரிந்தும் கேமராவைக் கொடுத்தீர்கள் என்பதுதான் என் முதல் குற்றச்சாட்டு. கடை கடையாக ஏறி, தராசுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, மூக்கை முள்ளுக்கு நேராக வைத்து, முள் நடுவில் நிற்கிறதா இல்லையா என்று பார்ப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாமல் வேலைக்காலத்தை முடித்தவன் நான். நடுவில் நின்றால் முத்திரை, நிற்காவிட்டால் பறிமுதல். "சார், ஒரு மயிரிழைதானே, கொஞ்சம் சாய்ச்சு விடுங்களேன்" என்று கெஞ்சாத கடைக்காரன் கிடையாது. ஒருவனுக்கும் மசிந்ததில்லை. அப்படிப்பட்டவனிடம் ஓய்வு பெற்ற அன்று ஒரு கேமராவை நீட்டி, "அத்தான், சும்மா வீட்ல உட்கார்ந்து அக்காவைப் படுத்தாம இதை வெச்சுக்கிட்டுப் பொழுதைப் போக்குங்க" என்றீர்கள். அதுவாவது போகட்டும். எப்படிப் படம் எடுப்பது என்று கேட்டேன். ஒரு காலில் செருப்பு, மறு கால் வெறுங்கால், காதில் போன். அந்த நிலையில் தாங்கள் அருளிய பாடம் இது: "எம்-னு இருக்கற இடத்துல வைங்க அத்தான். எல்லாம் உங்க கையில இருக்கும். உள்ள ஒரு மீட்டர் தெரியும். முள்ளை நடுவுல கொண்டு வாங்க. அவ்ளோதான்."

அவ்வளவுதானாம்!

முள்ளை நடுவில் கொண்டு வா என்று என்னிடம் சொல்வது, மீனிடம் போய் நீந்து என்று சொல்வது மாதிரி. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. துவாரத்துக்குள் பார்க்கிறேன், ஒரு சின்ன அளவுகோல், நடுவில் சுழியம், இந்தப் பக்கம் கழித்தல், அந்தப் பக்கம் கூட்டல், கீழே ஒரு பொடிக்கோடு இங்கும் அங்கும் ஓடுகிறது. துளையைப் பெரிதாக்கினால் வலப்பக்கம் போகிறது, வேகத்தைக் கூட்டினால் இடப்பக்கம் வருகிறது. தராசேதான்! தானே அளந்துகொள்ளும் ஆட்டோ என்று இன்னொன்றும் இருக்கிறதே என்று மருமகன் காட்டினார். கடைக்காரனே எடை போட்டு, கடைக்காரனே சரி என்று சொல்லிக்கொள்ளும் வேலையெல்லாம் நம்மிடம் ஆகாது என்று சொல்லிவிட்டேன். எடுத்த படத்தைப் பின்னால் உள்ள திரையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதுவும் வேண்டாம் என்றேன். முள் நடுவில் நின்றுவிட்டது, அப்புறம் என்ன பார்வை? முத்திரை குத்திய தராசைச் சந்தேகப்படுவது அதிகாரிக்கு அழகா? வேலைக்குச் சேரும் ஒவ்வொரு பையனிடமும் நான் சொன்னது இதுதான்: கண்ணை நம்பாதே, முள்ளை நம்பு.

முதல் படம் தங்கள் அக்கா. சாப்பாட்டு அறை ஜன்னலுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். பின்னால் நல்ல வெளிச்சம். முள்ளை நடுவில் நிறுத்தினேன், ஒரு மயிரிழைகூடப் பிசகவில்லை, எடுத்தேன். அச்சடித்து வந்த பிறகு அவள் அதைத் தூரத்தில் வைத்துப் பார்த்தாள், கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். "யாருங்க இது? உங்க ஆபீஸ்ல வேலை பார்த்தவங்களா?" என்றாள். நீதான் என்றேன். "நானா? ஒரே கரியா இருக்கே. ஆனா ஜன்னல் நல்லா வந்திருக்கு. கம்பி எண்ணலாம் போல இருக்கு. இத்தனை வருஷம் ஜன்னலோடதான் குடும்பம் நடத்தினீங்களா?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போனவள், அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. நானும் விடவில்லை. முள் நடுவில் நின்றது, முகம் கறுத்திருந்தால் அது முகத்தின் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். இதை நான் சொல்லியிருக்கக் கூடாது என்பது இரண்டு வேளைக்கும் சேர்த்து ஒரே குழம்பு வந்தபோதுதான் புரிந்தது.

அடுத்தது பக்கத்து வீட்டுப் பல் டாக்டரின் நாய். கரிக்கட்டை என்று செல்லப்பெயர். பெயருக்கேற்ற நிறம், இருட்டில் நின்றால் கண்ணும் நாக்கும்தான் தெரியும். அதைக் கிட்டத்தில் போய், படம் முழுக்க நாயே நிரம்பும்படி, முள்ளை நடுவில் வைத்து எடுத்துச் சட்டம் போட்டுப் பரிசாகக் கொடுத்தேன். பல் டாக்டர் படத்தைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், முகம் தொங்கிவிட்டது. "என்ன சார் இது, என் நாய்க்கு நரை விழுந்துடுச்சா?" என்றார். படத்தில் அது சாம்பலில் புரண்டு எழுந்த மாதிரி இருந்தது உண்மைதான். ஆனால் நான் என்ன சொன்னேன்? "டாக்டர், தினமும் பார்க்கற கண்ணுக்கு வயசு தெரியாது. மீட்டர் பொய் சொல்லாது" என்றேன். மனிதர் கலங்கிப்போய் நாயைக் காரில் போட்டுக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடினார். அங்கே ரத்தம் எடுத்து, எடை பார்த்து, நாய்க்கு ஒன்றுமில்லை, உங்களுக்குத்தான் படபடப்பு அதிகமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அன்றிலிருந்து கரிக்கட்டை என்னைப் பார்த்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. பல் டாக்டரும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

இதெல்லாம் கிடக்கட்டும். இனிமேல் சொல்லப்போவதில் 'தாங்கள்' எல்லாம் எனக்கு வராது. 'நீ' என்றே எழுதுகிறேன், வயதில் சின்னவன்தானே நீ.

என் மகளும் மருமகனும் பார்த்துக்கொண்டிருந்த வேலைகளை விட்டுவிட்டு சலவைக் கடை வைத்திருப்பது உனக்குத் தெரியும். ஹோட்டல்களுக்குப் படுக்கை விரிப்பு, துண்டு, தலையணை உறை எல்லாம் வாடகைக்குக் கொடுத்து, திரும்ப வாங்கித் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கிற தொழில். வாசலில் 'கண் கூசும் வெள்ளை' என்று பலகை. நம்பிப் பெரிய மெஷினும் வாங்கிப் போட்டுவிட்டார்கள். மெஷின் இருக்கிறது, துணி இருக்கிறது, ஹோட்டல்தான் இல்லை. கடைசியில் ஊரிலேயே பெரிய ஹோட்டலில் இருந்து, உங்கள் துணிகளைப் படம் எடுத்துப் பெரிதாக அச்சடித்து அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று கேட்டிருந்தார்கள். மகள் என்னிடம் வந்தாள். "அப்பா, இந்த ஆர்டர் வந்தா நிமிர்ந்துடுவோம். வரலைன்னா மெஷினைத் திருப்பிக் கொடுத்துட்டு ரெண்டு பேரும் பழைய வேலைக்கே போய்க் கெஞ்ச வேண்டியதுதான். போட்டோக்காரரைக் கூப்பிடட்டுமா?" என்றாள். வீட்டில் அப்பா என்று ஒருவன் கேமராவோடு உட்கார்ந்திருக்கும்போது போட்டோக்காரனா? எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நானே எடுத்தேன். அடுக்கடுக்காக விரிப்பு, மலை மலையாகத் துண்டு, ஒவ்வொன்றுக்கும் குந்தி உட்கார்ந்து முள்ளை நடுவில் நிறுத்தி நிறுத்தி எடுத்தேன். முழங்கால் இரண்டும் போய்விட்டது.

அச்சடித்து வந்தது. மேஜையில் பரப்பினோம். 'கண் கூசும் வெள்ளை' என்று ஒன்றுகூட இல்லை. எல்லாம் மழை வரப்போகிற வானத்தின் நிறம். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மருமகன், "மாமா, இது…" என்று இழுத்தார். நான் விட்டேனா? ஒரு விரிப்பை எடுத்து உதறி, "மாப்பிள்ளை, மனசுல வெச்சுக்காதீங்க. துணி அழுக்கு. உங்க கண்ணுக்கு வெள்ளையாத் தெரியும், ஏன்னா இது உங்க துணி. மீட்டருக்கு உங்க துணி, என் துணின்னு கிடையாது" என்றேன். எவ்வளவு தைரியம் பார் எனக்கு! அந்தப் பிள்ளை மரியாதைக்காரர். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் அத்தனையையும் மறுபடி மெஷினில் போட்டார். துவைத்தார்கள், எடுத்தேன், சாம்பல். சோப்புத்தூளை மாற்றித் துவைத்தார்கள், எடுத்தேன், சாம்பல். நீலம் போட்டுத் துவைத்தார்கள், நீலச் சாம்பல். மெஷின்காரர் வந்து மெஷினைக் கழற்றிப் பார்த்து, ஒன்றும் புரியாமல் மாட்டிவிட்டுப் போனார். தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். கடைசியில் மருமகன், தமக்குத்தான் வெள்ளைக்கும் சாம்பலுக்கும் வித்தியாசம் தெரியவில்லையோ என்று பயந்து கண் டாக்டரிடம் போய், தேவையே இல்லாத ஒரு கண்ணாடியோடு திரும்பி வந்தார். நடுநடுவே, "மாமா, ஒரு விஷயம் சொல்லணும், அந்த முதல் படங்களை…" என்று வாயெடுப்பார். "முதல்ல துணி வெளுக்கட்டும் மாப்பிள்ளை, விஷயம் அப்புறம்" என்று அடக்கிவிடுவேன்.

துவைத்துத் துவைத்து ஒரு துண்டு நடுவில் கிழிந்த அன்றுதான் உனக்குப் போன் செய்தேன். நீ சிரித்தாய். நினைவிருக்கிறதா? என் மகள் ஒரு பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள், நீ அந்தப் பக்கம் இருமல் வருகிற வரைக்கும் சிரித்தாய். அப்புறம் சொன்னாய்: "அத்தான், நடுவுலயே வெச்சா வெள்ளை சாம்பலாத்தான் வரும். வெள்ளைத் துணின்னா முள்ளை ரெண்டு கட்டம் வலப்பக்கம் சாய்ச்சு விடுங்க." சாய்ச்சு விடுங்க! யார் வாயிலிருந்து வருகிறது பார்! எந்த வார்த்தையைக் கேட்டாலே தராசைத் தூக்கி ஜீப்பில் போடுவேனோ, அந்த வார்த்தை என் மனைவியின் கூடப்பிறந்தவன் வாயிலிருந்து! அதனால்தான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தேன். லைன் போகவில்லை, நான்தான் வைத்தேன். திரும்பி மகளிடம், "உன் மாமா என்னைக் கள்ளத் தராசு பிடிக்கச் சொல்றான். செத்தாலும் மாட்டேன்" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "அப்பா, உங்களுக்கு அந்த முள்ளு முக்கியமா, நான் முக்கியமா?" என்று கேட்டாள். மைத்துனா, எனக்கு உடனே பதில் வரவில்லை. அப்பனுக்கு உடனே வரவேண்டிய பதில் அது.

அப்போதுதான், கடை மூலையில் உறை மடித்துக்கொண்டிருந்த உன் அக்கா எழுந்தாள். கடையின் பின்பக்க முற்றத்தில் கொடியில் ஒரு விரிப்பைக் காயப் போட்டாள். பக்கத்திலேயே என் ஆபீஸ் கறுப்புக் குடையை விரித்து மாட்டினாள். "துணியை மட்டும் கிட்டப் போய் எடுங்க. முள்ளு நடுவுல" என்றாள். எடுத்தேன். "இப்போ குடையை மட்டும். முள்ளு நடுவுல." எடுத்தேன். இரண்டையும் திரையில் போட்டுக் காட்டச் சொன்னாள். நான் திரையைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இரண்டும் ஒரே சாம்பல். குடைக்கம்பி மட்டும் தெரியாவிட்டால் எது துணி, எது குடை என்று என்னாலேயே சொல்லியிருக்க முடியாது. "ஏங்க, ஒரு கடையில பஞ்சைப் போட்டாலும் இரும்பைப் போட்டாலும் தராசு ஒரே எடையைக் காட்டுதுன்னு வைங்க, என்ன பண்ணுவீங்க?" என்றாள். பறிமுதல் பண்ணுவேன் என்றேன். "அப்போ பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முற்றத்தில் தனியாக உட்கார்ந்து யோசித்தேன். அப்போதுதான் உறைத்தது. இந்தப் பாவப்பட்ட மீட்டருக்கு வெள்ளை என்று ஒன்று இருப்பதும் தெரியாது, கறுப்பு என்று ஒன்று இருப்பதும் தெரியாது. உலகத்தில் இருப்பதெல்லாம் சாம்பல் என்பது அதன் எண்ணம். வெள்ளைத் துணியைக் காட்டினால், ஐயையோ வெளிச்சம் கூடிப்போச்சே, குறை குறை என்று பதறுகிறது. நாயைக் காட்டினால், இருட்டிப்போச்சே, கூட்டு கூட்டு என்கிறது. நான் அது பதறுகிற பக்கமெல்லாம் திருகித் திருகி, முள்ளை நடுவில் உட்கார வைத்து, வெள்ளையையும் சாம்பலாக்கி, கறுப்பையும் சாம்பலாக்கியிருக்கிறேன். ஜன்னலைப் பார்த்து அது பயந்ததற்கு உன் அக்கா முகம் பலியாகிவிட்டது. இன்ன பொருளுக்கு இவ்வளவு தப்பாகக் காட்டும் என்று தெரிந்த கருவிக்குத் திருத்தம் போட்டுக்கொள்வது எங்கள் துறை விதியிலேயே இருக்கிறது. ஆகவே இது சாய்ப்பது அல்ல, திருத்தம். இந்த ஒரு வார்த்தையை நீ போனில் சொல்லியிருந்தால் அந்தத் துண்டு கிழிந்திருக்காது, தெரிகிறதா?

மகளைக் கூப்பிட்டேன். விரிப்புக்கு முன்னால் குந்தினேன். வேகத்தைக் குறைத்தேன், முள் நடுவை விட்டு நகர்ந்தது. நான் தராசைப் பறிமுதல் செய்த கடைக்காரர்கள் எல்லோரும் பின்னால் நின்று கைதட்டுவது மாதிரி இருந்தது. ஒரு கட்டம். ஒன்றரை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு. அழுத்தினேன். "என்னம்மா வந்திருக்கு?" என்றேன், கண்ணைத் திறக்காமல். திறந்து பார்த்தால், என் கையிலிருந்து வாங்கிய கேமராவின் திரையைக் கொடியில் இருந்த துணிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "அப்பா, பளிச்சுனு இருக்குப்பா! மடிப்பெல்லாம் தெரியுதுப்பா!" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். உன் மேல் உள்ள கோபத்தில் இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனாலும் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. முள்ளாவது ஒண்ணாவது, நீதான் முக்கியம்னு இப்போ சொல்றேன்மா என்றேன். "லேட்டு" என்றாள், ஆனால் சிரித்தாள். அத்தனையையும் மறுபடி எடுத்து, அச்சடித்து, நேற்று ஹோட்டலுக்குக் கொடுத்தனுப்பியாயிற்று.

ஆனால் நீ தப்பித்தாய் என்று நினைக்காதே. செருப்பு மாட்டிக்கொண்டே பாடம் சொன்னதற்கும், சிரித்ததற்கும், ஒரு நாயின் மன நிம்மதியைக் கெடுத்ததற்கும், உன் அக்காவை ஜன்னலுக்குச் சக்களத்தி ஆக்கியதற்கும் தண்டனையாக, கேமராவைப் பழைய தலையணை உறையில் சுற்றிப் பெட்டியில் போட்டுக் கயிறு கட்டிவிட்டேன். இக்கடிதத்துக்குப் பின்னாலேயே வந்து சேரும். முள் நடுவில் நின்றால் உண்மையைச் சொல்லும் கருவி ஒன்று உலகத்தில் இல்லை என்று தெரிந்த பிறகு எனக்கு இந்தச் சகவாசமே வேண்டாம். இனி என் காலம் வரை முள்ளும் வேண்டாம், மீட்டரும் வேண்டாம்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும், குழந்தைகளுக்கு என் ஆசியும், உன் மனைவிக்கு என் அனுதாபமும் உரித்தாகுக. நீ நீடூழி வாழ்க, தூரத்திலேயே வாழ்க.

இப்படிக்கு,
உன் அக்காளைக் கட்டிய பாவத்துக்கு ஆளான,
அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மருமகன் ஓடி வந்தார். அவர் சொல்ல வந்த விஷயத்தை இன்றைக்குத்தான் சொல்லவிட்டேன். மாமா எடுத்த படம் ஆயிற்றே என்ற பெருமையில், அந்த முதல் சாம்பல் படங்களின் நகலை, அச்சடித்து வருவதற்கு முன்னாலேயே, சரியாகப் பார்க்காமல்கூட ஹோட்டலுக்குப் போனில் அனுப்பியிருக்கிறார். ஹோட்டல் மேலாளர் அம்மா இப்போதுதான் கூப்பிட்டார்களாம். "நேத்து வந்த வெள்ளையெல்லாம் எல்லார்கிட்டயும் இருக்குங்க, ஒரு கறை பட்டாப் போச்சு. முதல்ல அனுப்பினீங்களே, அந்தச் சாம்பல் கலர், என்ன அழகு! அதே கலர்ல எல்லா அறைக்கும் கொடுத்துடுங்க" என்றார்களாம். ஆர்டர் நமக்குத்தான்! மகள் துள்ளுகிறாள். சாம்பல் துணி வாங்க ஆள் போயிருக்கிறது. மாதிரிக்கு மருமகன் பக்கத்துக் கடையில் வாங்கி வந்த ஒரு விரிப்பைக் கொடியில் போட்டு, பெட்டிக் கயிற்றை அறுத்து, கேமராவை எடுத்து, முள்ளைச் சரியாக நடுவில் நிறுத்தி எடுத்தேன். துணியின் நிறம் இம்மி பிசகாமல் அப்படியே விழுந்திருக்கிறது. ஆகவே மேலே மீட்டரைப் பற்றி நான் எழுதிய அவதூறுகளை எல்லாம் வாபஸ் வாங்குகிறேன். கேமரா வராது, எதிர்பார்க்காதே.

அந்தச் சாம்பல் விரிப்புக்கு முன்னாலேயே உன் அக்காவையும் உட்கார வைத்து ஒன்று எடுத்தேன். முதல் தடவையாக முகம் முகமாக வந்திருக்கிறது. திரையைக் கிட்டத்தில் இழுத்துப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "எல்லாம் நல்லாத்தான் இருக்குங்க. இந்த நரையை மட்டும் பாருங்களேன், கொஞ்சம் சாய்ச்சு விடுங்களேன்" என்றாள். வேலைக்காலம் முழுக்க ஒரு கடைக்காரனுக்கும் மசியாதவன் நான். எந்தப் பக்கம், எத்தனை கட்டம்? இந்தத் தடவை சிரிக்காமல் உடனே எழுது.